எலிக்கு வந்தது தூண்டிய நீரிழிவா, வருவித்த நீரிழிவா?

பாளையங்கோட்டையிலிருந்து:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். ஆவாரம்பூ நீர்ச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் 2002-ல் வெளியிட்ட ஆய்வைச் சித்த மருத்துவ மாணவர்களுக்காகச் சுருக்கி எழுதுகிறேன். ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஊசி போட்டு எலிக்குச் சர்க்கரையை உண்டாக்குகிறார்களே, அந்த 'இன்டியூஸ்டு டயாபடிஸ்'-ஐ எப்படிச் சொல்ல? 'தூண்டப்பட்ட நீரிழிவு' என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
தூண்டுவது எரிகிற விளக்கை, தங்கச்சி. திரியும் எண்ணெயும் ஏற்கெனவே இருக்க வேண்டும். இந்த எலிக்கோ நோயே கிடையாது. மருந்து கணையத்தின் பீட்டா செல்களை அழித்த பிறகுதான் இன்சுலின் குறைந்து சர்க்கரை ஏறுகிறது. எனவே 'வருவித்த நீரிழிவு'. வரு, அதோடு 'வி' விகுதி, சுத்தமான பிறவினை. பாட்டில் இல்லாத சொல்லை உரையாசிரியர்கள் வருவித்து உரைப்பதில்லையா? அதே மாதிரிதான் இதுவும்.

தென்காசியிலிருந்து:
அண்ணாச்சி, 'இண்டக்‌ஷன்' என்பதை மின்காந்தத் தூண்டல் என்றே படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் இவர்கள். அங்கே திரியும் எண்ணெயுமா இருக்கிறது? நேற்று வகுப்பில் உங்கள் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். ஒரு பையன் நோட்டில் 'வருத்திய நீரிழிவு' என்று எழுதி வைத்திருக்கிறான். எலியைக் கேட்டால் அதுதான் சரி என்று சொல்லும்.

களக்காட்டிலிருந்து:
'செயற்கை நீரிழிவு' ஆகாதா? அப்புறம், ஆவாரை அல்ல, ஆவிரை. சங்கப் பாட்டில் அப்படித்தான். காதலியைப் பெறப் பனைமடல் குதிரையில் ஏறி ஊரறிய வருகிறானே, அந்த மடலேறுகிறவன் சூடிய பூ அது. நாமும் நாலு நாளாக மடலில்தானே ஏறிக்கொண்டிருக்கிறோம்!

தென்காசியிலிருந்து:
செயற்கை என்றால் பொய்ச் சர்க்கரை என்று நினைப்பார்கள். பல ஆய்வுகளில் ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டிய எலியைத்தான் சேர்க்கிறார்கள். அது நிஜச் சர்க்கரைதான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்பதை எலியிடம் கேட்டுப் பார்க்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் 'நீரிழிவு' மட்டும் சரியா? இழிதல் என்றால் இறங்குதல். சித்த நூல்களில் மதுமேகம் என்ற பெயரே இருக்க...

பாளையங்கோட்டையிலிருந்து:
அண்ணாச்சி, மதுமேகத்தை அடுத்த மாதம் வைத்துக்கொள்வோம். இன்றைக்கு வெள்ளி. மூன்று பேர் 'தூண்டப்பட்ட' என்கிறார்கள், அப்படியே அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் 'ஊசி மருந்தால் வருவித்த' என்று ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
சரி. புத்தகம் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. மற்ற இடங்களில் நான் பேனாவால் திருத்திக்கொள்கிறேன்.