எங்கயோ பாத்தது, இன்னும் மண்டைய விட்டு போகல – உங்களுக்கு எது?

கட்டம்போட்ட சட்டை
இன்டீரியர் வேலை பாக்குறேன். வர்ற க்ளையன்ட் எல்லாம் போன்ல பத்து படம் காட்டி இதே மாதிரி வேணும்ங்கறாங்க, அந்தப் பத்தும் வேற எவனோ போட்டதப் பாத்து போட்டது. சலிச்சுப் போச்சு. அதான் கேக்குறேன், ஊர் சுத்துறப்ப நேர்ல பாத்து, இன்னைக்கும் வேலைக்கு நடுவுல திடீர்னு ஞாபகம் வர்ற ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

என்னோடது ஆத்தங்குடி. செட்டிநாட்டு வீட்டுத் தரை எல்லாருக்கும் தெரியும், அத விடுங்க. நான் சொல்றது அந்தத் தரைக்கல்ல செய்யுற பட்டறை. கீழ ஒரு கண்ணாடி, அதுமேல சட்டம், அதுக்குள்ள தகட்டுல செஞ்ச அச்சு, ஒவ்வொரு அறையிலயும் கலர் சிமென்ட்ட ஒருத்தர் கரண்டில ஊத்துறாரு, தோசை மாவு மாதிரி. அச்ச தூக்கினா கலர் ஒண்ணோட ஒண்ணு கலக்காம நிக்குது. அப்புறம் மேல காஞ்ச சிமென்ட்டும் மணலும் தூவி, ஈரக் கலவைய வச்சு இழுத்து மட்டம் பண்ணி அப்படியே ஓரமா வச்சுட்டாரு. டிசைன் முழுக்க அடியில, நமக்குத் தெரியுறது வெறும் சாம்பல் முதுகு தான். அவரே முகத்த பாக்கல! தண்ணித் தொட்டில ஊறி, வெயில்ல காஞ்ச வேற ஒரு கல்லத் திருப்பி கண்ணாடிய லேசா நகத்தினாரு. பளபளன்னு என் மூஞ்சி தெரியுது. சூளை கிடையாது, பாலிஷ் கிடையாது, அந்த மினுமினுப்பு கண்ணாடி கிட்ட இருந்து வந்தது. அப்போ இருந்து எந்த மெட்டீரியல் கைக்கு வந்தாலும் இது எதுமேல படுத்து இறுகுச்சுன்னு தான் முதல்ல யோசிக்கிறேன்.

ஜன்னலோரம் சீட்
செங்கல்பட்டு லைன்ல தினம் போற ஆளு நான். கொளவாய் ஏரி ஓரமா வண்டி போகும்ல, ஒரு நாள் சிக்னல்ல நின்னுடுச்சு. கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒண்ணு தண்ணிக்கு மேல அந்தரத்துல நிக்குது, றெக்கை மட்டும் படபடன்னு அடிக்குது, தலை ஆடவே இல்ல, ஆணி அடிச்ச மாதிரி அதே இடத்துல. பக்கத்துல ரம்மி ஆடிட்டு இருந்தவங்க கூட நிறுத்திட்டு பாத்தாங்க. அது அலகைக் கீழ சாய்ச்ச அந்த செகண்ட் வண்டி கிளம்பிடுச்சு. மீன் கெடச்சுதா இல்லையா, இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நான் வீடியோ எடிட்டிங் பண்றேன், கேமரா ஆடுற ஃபுட்டேஜ ஸ்டெடி பண்ண உக்காந்தா அந்தத் தலை தான் ஞாபகம் வரும். உடம்பு எவ்ளோ ஆடினாலும் ஒரு புள்ளி ஆடாம இருந்தா போதும், பாக்குறவனுக்கு கண்ணு வலிக்காது.

நட்டு_போல்ட்டு
மீன்கொத்தின்னு பாத்ததும் ஜப்பான் புல்லட் ரயில் கதை வருதுன்னு பயந்தேன், நல்லவேளை வரல. ஆனா நானே சொல்லிடுறேன், ஏன்னா எங்க ஆபீஸ்ல எந்த பிரசன்டேஷன்லயும் அந்தக் கதைய பாதியாத் தான் சொல்றாங்க. "ரயில் வேகமா போகணும்னு பறவை மூக்க காப்பி அடிச்சாங்க" – அப்படி இல்லங்க. வேகம் ஏற்கெனவே இருந்துச்சு, தொல்லை சத்தம் தான். சுரங்கத்துக்குள்ள வண்டி வேகமா நுழையுறப்ப காத்து அமுங்கி அமுங்கி அலையா ஓடி அந்தப் பக்க வாய்ல டமால்னு வெடிக்கும், அங்க குடியிருக்கறவங்க சும்மா இருப்பாங்களா? எய்ஜி நகட்சுன்னு அந்த ரயில்வே எஞ்சினியர், பறவை பாக்குற பழக்கம் உள்ளவர். லேசான காத்துல இருந்து கெட்டியான தண்ணிக்குள்ள அதிகம் தெறிக்காம போறது யாருன்னு யோசிச்சு மீன்கொத்திக்கு வந்தாரு. 1997ல ஓட ஆரம்பிச்ச 500 சீரிஸ், மூக்கு மட்டும் 15 மீட்டர். மேல கரன்ட் எடுக்குற கம்பியோட சத்தத்துக்கு ஆந்தை இறகைப் பாத்தாங்க. பிரச்சனைய முதல்ல கையில வச்சுக்கிட்டு அப்புறம் பறவைய பாத்தாரு. நீங்க எல்லாம் முதல்ல பறவைய பாத்துட்டு அப்புறம் இத எங்க ஒட்டலாம்னு தேடுறீங்க, கட்டம் போட்ட சட்டையையும் சேத்து தான் சொல்றேன்.

கட்டம்போட்ட சட்டை
நட்டு போல்ட்டு சார், அவரு பறவை பாக்க ஆரம்பிச்சது ரயிலுக்காகவா? சும்மா பாத்தது தானே. பாத்து வச்சிருந்ததால தான் பிரச்சனை வந்தப்ப கைக்கு சிக்குச்சு. உங்க கதையே எனக்குத் தான் சாட்சி சொல்லுது. அது இருக்கட்டும், உங்க அனுபவம் எங்க?

வடசேரி பஸ் ஸ்டாண்ட்
சண்டைய ஓரமா வைங்க. திருவனந்தபுரம் தம்பானூர்ல பஸ் ஸ்டாண்டு பக்கம் இந்தியன் காபி ஹவுஸ், லாரி பேக்கர் கட்டுனது, செங்கல் கலர்ல உருண்டையா நிக்கும்லா, அதான். நாகர்கோவில் பஸ்ஸுக்கு நேரம் கெடக்கேன்னு போனேன். உள்ள மாடியே கெடையாது, தரை சுத்திச் சுத்தி மேல ஏறிட்டே போவுது, ஓரத்துல டேபிளும் பெஞ்சும் கட்டடத்தோட சேத்து கட்டி வச்சிருக்கு. சுவத்துல செங்கல விட்டு விட்டு ஓட்டை, அதுவழியா காத்தும் கட்டம் கட்டமா வெளிச்சமும். பீட்ரூட் போட்ட மசால் தோசை சொல்லிட்டு இருக்கும்போ, மேல ஒரு பய பாட்டில் மூடிய கீழ போட்டுட்டான். அது உருண்டு உருண்டு எங்க டேபிளத் தாண்டி, வளைஞ்சு கீழ போய்ட்டே இருக்கு, ஒவ்வொரு டேபிள்காரனும் குனிஞ்சு பாக்கான், தலப்பாகை கட்டுன சர்வர் ஒரு ஆளு காலால தடுத்து நிறுத்துனாரு. அப்போ தான் எனக்கு உறைச்சுது, இவ்வளவு நேரம் நான் சரிவுல இருக்கேன், ஆனா டம்ளர்ல காப்பி நேரா தான் நிக்கி. சின்ன இடத்துல இம்புட்டு பேர உக்கார வைக்க இதவிட ஒரு வழி சொல்லுங்க பாப்போம். எங்க வீட்டு மாடிப்படிக்கு அடியில சும்மா கெடந்த இடத்துல பெஞ்சு கட்டுனதுக்கு அதான் காரணம், வீட்டுக்காரிக்கு இன்னும் பிடிக்கல.

ரிட்டயர்டு மேஸ்திரி மகன்
ஆத்தங்குடி கல்லு பத்தி பேசுனதால சொல்றேன். நானும் ஒரு வீட்டுக்கு போட்டேன், நல்லா வந்துச்சு, அவ்ளோ தான் என் கதை. ஆனா போடப் போறவங்க தெரிஞ்சுக்கோங்க. இது மெஷின் டைல்ஸ் கிடையாது, கல்லுக்கு கல்லு கனமும் அளவும் கொஞ்சம் மாறும், அதனால பெட்டிய பிரிச்ச வேகத்துல ஒட்ட ஆரம்பிக்காதீங்க, முதல்ல தரையில பரப்பி கலர் பாத்து மாத்தி அடுக்குங்க. நடுவுல இடைவெளி விட்டு வெள்ளை சிமென்ட் அடைச்சா அந்த பூ கட் ஆகி அசிங்கமா தெரியும், நெருக்கிப் போடணும். போட்ட அன்னைக்கே சிமென்ட் கறைய ஈரத்துணில துடைச்சுடணும், அப்புறம் போய் ஆசிட் ஊத்தி தேய்ச்சா கலர் போயிடும், சிமென்ட் தானே, ஆசிட் தின்னுடும். வீட்ல இருக்குறவங்க கிட்ட முக்கியமா சொல்லிடுங்க, பாத்ரூம் கழுவுறத எடுத்து ஹால்ல ஊத்துவாங்க. புளி, எலுமிச்சை சிந்துனாலும் உடனே துடைங்க. ஆரம்பத்துல வாரத்துக்கு ஒரு தடவை தேங்காயெண்ணெய் ரெண்டு சொட்டு தண்ணில விட்டு மெழுகுங்க, நடக்க நடக்க மெருகு ஏறும். எண்ணெய் அதிகமாச்சுன்னா வழுக்கும், வயசானவங்க இருக்குற வீடுன்னா பாத்துக்கோங்க. வெயில்ல நேரா படுற இடத்துல அடர் கலர் போடாதீங்க. இன்னும் இருக்கு, வேணும்னா கேளுங்க.

கட்டம்போட்ட சட்டை
யாரும் கேக்கலண்ணே, ஆனா ஆசிட் மேட்டர் உண்மை.

வல்வெட்டிக் காத்து
நான் கொழும்பில வேலை செய்யேக்க பெந்தோட்டைக்குக் கிட்ட லுணுகங்கவுக்குப் போனனான், ஜெஃப்ரி பாவாவின்ர தோட்டம். மனுசன் சட்டம் படிச்சவர், 1948ல அந்த றப்பர்த் தோட்டத்தை வாங்கிப்போட்டு, அதைத் திருத்த ஆசைப்பட்டுத் தான் கட்டடக்கலை படிக்கவே வெளிக்கிட்டவர். 2003ல சாகும் மட்டும் அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தவர். அங்க எல்லாரும் ஏரியைப் படமெடுக்கினம், நான் மாட்டுப்பட்டது ஒரு ஈழத்தலரி மரத்தடியில. கிளையெல்லாம் அகலமாப் படுத்து நிலத்தைத் தொடுற மாதிரி வளைஞ்சு கிடக்கு. தானா வளர்ந்ததெண்டு தான் நினைச்சன். கூட்டிக்கொண்டு போனவர் சொன்னார், பாரம் கட்டித் தொங்கவிட்டு வளைச்சதாம். நான் நம்பேல்ல, கிளைக்குக் கீழ குனிஞ்சு கயிறு அறுத்த தழும்பு ஏதும் இருக்கோ எண்டு தடவித் தடவிப் பார்த்தன், ஒண்டும் பிடிபடேல்ல. அடுத்த ஆக்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தவை. தோட்டத்துக்கு நடுவால போற ரோட்டைக் கூட பள்ளத்துக்க இறக்கி மறைச்சுப்போட்டார், வீட்டில இருந்து பார்த்தா புல்லு ஒரே இழுப்பாப் போகுது. இயற்கை, இயற்கை எண்டு நாங்கள் வாயைப் பிளக்கிறதில பாதி, ஆரோ ஒருத்தர் வருசக்கணக்கா பாரம் கட்டினது. அது எனக்குப் பிடிச்சிருக்கோ இல்லையோ எண்டு இன்னும் முடிவெடுக்கேல்ல.

தறிவீட்டுப் பொண்ணு
காஞ்சிபுரம். எங்க வீட்ல தறி சத்தம் கேக்காம யாரும் தூங்குனதில்ல, அதனாலேயே நான் அத ஒழுங்கா பாத்தது கிடையாது. பெங்களூர்ல டிசைன் படிக்கப் போய், லீவுக்கு வந்த சித்தி பொண்ணு ஒருத்தி கூட உக்காந்து தான் பாத்தேன். கோர்வைச் சேலை. உடம்பு ஒரு கலர், கரை ஒரு கலர், மூணு நாடா (குறுக்கு நூல கொண்டு போற கட்டை) ஓடுது, ஓரத்துல ஒருத்தர் சேந்து நாடா தள்ளணும். கரையும் உடம்பும் சேர்ற இடத்துல பல்லு பல்லா வருமே தாழம்பூ ரேக்கு, அத அவ சும்மா அழகுக்குன்னு நெனச்சிருக்கா. எங்கப்பா பேசல, சேலையத் திருப்பி அந்த கோட்ட ரெண்டு கையாலயும் பிடிச்சு வெடுக்குன்னு இழுத்தாரு. எனக்கு உயிரே போச்சு, ஆர்டர் சேலைங்க அது! ஒண்ணும் ஆகல. ரெண்டு கலரும் கோத்துக்கிட்டு நிக்கிற இடமே அதான். பூவும் அங்க தான் வருது, பிடிப்பும் அங்க தான் இருக்குது.

வல்வெட்டிக் காத்து சொன்னதுக்கு – பாரம் கட்டுனா என்ன தப்பு? எங்க பாவுலயும் (தறியில நீளவாக்குல கட்டுற நூல்) பாரம் தான், இழுவை இல்லன்னா துணியே இல்ல.

நட்டு_போல்ட்டு
சரி, கேட்டீங்கல்ல, சொல்றேன். பெரம்பலூர் பக்கம் சித்தப்பா கிணத்துமேட்டுல ஈச்ச மரத்துல தூக்கணாங்குருவி. ஆண் தான் கட்டும், பாதி வந்ததும், ஹெல்மெட் மாதிரி இருக்கறப்ப, பொண்ணு வந்து பாக்கும், பிடிச்சா தான் மீதி. ஒரு பொண்ணு வந்துச்சு, உள்ள போச்சு, ஒரு நாரைப் பிடிச்சு இழுத்துப் பாத்துச்சு, போயிடுச்சு. ஆண் கொஞ்ச நேரம் தொங்கிட்டு இருந்துட்டு, பக்கத்துக் கிளைல புதுசா முதல் முடிச்சு போட ஆரம்பிச்சிடுச்சு. நான் அந்த வாரம் தான் ஒரு டிராயிங்க ஏழாவது ரிவிஷன் முடியாதுன்னு மெயில் அடிச்சிருந்தேன்.

ஜன்னலோரம் சீட்
நட்டு போல்ட்டு சார், இதுல முதல்ல பறவையா முதல்ல பிரச்சனையா 😀

நட்டு_போல்ட்டு
ரெண்டும் ஒரே வாரம். விடுங்க.

அரியலூர் அக்கா
ஆத்தங்குடி பட்டறைய சும்மா போய் பாக்க விடுவாங்களா? பசங்கள கூட்டிட்டு போகலாம்னு இருக்கேன்.

கட்டம்போட்ட சட்டை
விடுவாங்கக்கா, காரைக்குடில இருந்து பஸ் இருக்கு. காலைல போங்க, ஊத்துற வேலை நடக்குறப்ப பாத்தா தான் பசங்களுக்கு புரியும். காயப் போட்டிருக்குற கல்லு மேல ஏறாம மட்டும் பாத்துக்கோங்க.