சாதனைப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேச வைக்கிறோம். பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்?

கேள்வி – குளச்சல் வாசகர்

நூலகத்தில் ஒரு சனிக்கிழமை கூட்டம். 9 முதல் பிளஸ் டூ வரை படிக்கிற 60 பெண்பிள்ளைகள். பாதிப் பேர் கடற்புறம். மீதிப் பேருக்கு அம்மா அண்டியாபீஸிலோ (முந்திரி ஆலை) ரப்பர் தோட்டத்திலோ வேலை. பெரிய ஆள் ஒருத்தரைக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, ஒரு மணி நேரம் பேச வைக்கலாம் என்பது கமிட்டி யோசனை. கைதட்டலோடு முடியாமல் இருக்க என்ன செய்யணும்? கையில் 5,000 ரூபாய்தான்.

பதில் 1 – வள்ளியாறு

ஒருத்தர் வேண்டாம் அண்ணாச்சி, மூணு பேர். இதே மாதிரிப் பள்ளியில் படிச்சு இப்போதான் வேலைக்குச் சேர்ந்த 22, 23 வயசுப் பெண், கைக்குழந்தையோடு வேலைக்குப் போற ஒருத்தர், ஓய்வு பெறப் போற ஒருத்தர். சின்னவளைப் பார்த்தால்தான் ‘நாமளும் போகலாம்’னு தோணும். பெரியவரை அண்ணாந்து பார்ப்பாங்க, அவ்வளவுதான்.

இருபது இருபதா மூணு வட்டமா உட்கார வையுங்க. 25 நிமிஷத்துக்கு ஒருமுறை விருந்தினர் வட்டம் மாறட்டும். மைக் கூடவே கூடாது, பிடிச்சா யாரும் பிரசங்கம் பண்ணிருவாங்க.

வியாழக்கிழமையே ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து, பேர் எழுதாமல் கேள்வி வாங்குங்க. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சா எப்படி வீட்டுக்கு வருவீங்க, வேலை இடத்தில் கக்கூஸ் உண்டா, கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கு விட்டாங்களா – இதெல்லாம் வாய்விட்டுக் கேட்க மாட்டாங்க, சீட்டில் எழுதுவாங்க. விருந்தினர்கிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க: முதல் சம்பளம், ஹாஸ்டல் கட்டணம், எத்தனை தடவை பரீட்சையில் போச்சு, பிள்ளையை யார் பார்த்தது, இத்தனையும் சொல்லணும். கூச்சப்படுறவங்களை விட்டுருங்க.

பாரிஸ் பக்கத்துப் பள்ளிகளில் பெண் விஞ்ஞானிகள் ஒரு மணி நேரம் வந்து பேசினதை ஆய்வு பண்ணியிருக்காங்க. ஆண்கள் நிறைஞ்ச, போட்டி அதிகமான அறிவியல் படிப்புகளில் சேர்ந்த கடைசி வகுப்பு மாணவிகள் 11 சதவீதத்திலிருந்து சுமார் 14.5 ஆனாங்க. ‘இந்தத் துறையில் பெண்களே இல்லை’ன்னு அழுத்தி அழுத்திச் சொன்ன இடங்களில் பலன் குறைவு. அதனால ‘தடைகளைத் தாண்டி’ன்னு பேனர் அடிக்காதீங்க.

சாயா, பழம்பொரி 65 பேருக்கு 25 ரூபாய் வீதம் 1,625. ஆட்டோ 1,200. ஜெராக்ஸ் 300. மிச்சம் 1,875ஐ மூணு மாசம் கழிச்சு இதே மூணு பேரைத் திரும்பக் கூப்பிட வையுங்க. ஒருநாள் வந்து போனவங்க மறந்துபோவாங்க.

பதில் 2 – தேரூர் குளம்

எல்லாரும் ராக்கெட் பக்கம்தான் போறாங்க. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் வசந்தகுமாரி 1993ல் அரசுப் பேருந்து ஓட்டுநர் ஆனவர். ஆசியாவின் முதல் பெண் பேருந்து ஓட்டுநர்னு பத்திரிகைகள் எழுதின ஆள். பிள்ளைகள்கிட்ட அந்தப் பட்டத்தைச் சொல்லி நிறுத்தாமல் வழியைச் சொல்லுங்க: 18 வயசில் கார் லைசென்ஸ், அது ஒரு வருஷமாவது கையில் இருக்கணும், 20 முடிஞ்சிருந்தால்தான் பஸ் மாதிரி ஹெவி வண்டிக்குப் பழகுநர் லைசென்ஸ். இதில் பலர் சறுக்குறது முதல் படியிலேயே. வீட்டில் ஸ்கூட்டர் லைசென்ஸ் மட்டும் எடுத்துக் கொடுத்துட்டு ‘இருக்கே’ம்பாங்க, அந்த ஒரு வருஷக் கணக்குக்கு அது உதவாது.

ராக்கெட் வேணும்னா நிகர் ஷாஜி. சூரியனை ஆராய அனுப்பின ஆதித்யா எல்1 விண்கலத்துக்குத் திட்ட இயக்குநரா இருந்தவர், செங்கோட்டைக்காரர், திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படிச்சவர். ராக்கெட் படத்தைவிட கல்லூரிப் பேரைப் பெரிசாப் போடுங்க, அதுக்கு இங்கேருந்து பஸ் இருக்கு.

பதில் 3 – இரணியல் தறி

ஊராட்சித் தலைவியா இருந்த ஒருத்தரையும் சேர்த்துக்குங்க. மேற்கு வங்கத்தில் தலைவர் பதவி ரெண்டு தேர்தலுக்கும் பெண்ணுக்கு ஒதுக்கின ஊர்களை ஆராய்ந்தாங்க: மகனுக்கும் மகளுக்கும் நடுவில் பெற்றோர் வைச்ச ஆசையின் இடைவெளி குறைஞ்சது, பிள்ளைகளின் சொந்த ஆசையில் இருந்த இடைவெளியும் 32 சதவீதம் குறைஞ்சது. அது நடக்க ரெண்டு தேர்தல் ஆச்சு, அதைக் கவனிங்க.

நடைமுறைச் சிக்கல் ஒண்ணு. அழைப்பு கொடுத்தால் கூடவே வீட்டுக்காரரும் வந்து பதில் சொல்ல ஆரம்பிப்பார். ‘பெண்பிள்ளைகள் கூட்டம், ஆண்களுக்கு வாசிப்பு அறையில் இருக்கை’ன்னு அழைப்பிதழிலேயே அச்சடிச்சுருங்க.

நீங்க குளச்சல் என்பதால் இன்னொண்ணு: 1956 நவம்பர் 1ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, மறுவருஷமே குளச்சல் தொகுதியில் ஜெயிச்சு, காமராசர் அமைச்சரவையில் உள்ளாட்சி அமைச்சரானவர் லூர்தம்மாள் சைமன். அவர் படம் ஒண்ணு நூலகச் சுவரில் நிரந்தரமாகத் தொங்கட்டும். கூட்டத்துக்கு வராத பிள்ளையும் பார்க்குமே.

பதில் 4 – மார்த்தாண்டம் தேன்

கடைசி அரை மணி நேரம் அம்மாமாரையும் உள்ளே விடுங்க. ‘படிக்க வைக்கக் காசுக்கு எங்கே போக’ன்னுதான் கேள்வி வரும், பதில் கையில் இருக்கணும். புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய், பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐடிஐ எல்லாத்துக்கும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படிச்சிருக்கணும். பிறகு அரசு உதவிபெறும் பள்ளிக்கும் நீட்டிச்சாங்க, ஆனால் தமிழ்வழியில் படிச்சவங்களுக்கு மட்டும். நம்ம பக்கம் உதவிபெறும் பள்ளிகள் ஏராளம், ஆங்கிலவழிப் பிரிவில் படிச்ச பிள்ளைகள் ஏமாந்து போவாங்க, முன்னாடியே சொல்லிருங்க. விண்ணப்பம் கல்லூரி வழியாத்தான். ஆதாரில் ஒரு இனிஷியல், மார்க்‌ஷீட்டில் வேற இனிஷியல்னா அங்கேயே நிக்கும். திருத்தம் பிளஸ் ஒன்னிலேயே முடிக்கணும்.

குளச்சல் வாசகர்

நன்றி. பையன்களையும் சேர்க்கலாமான்னு கமிட்டியில் ஒருத்தர் கேட்கிறார்.

வள்ளியாறு

ரெண்டாவது கூட்டத்துக்குச் சேருங்க. முதலாவதுக்கு வேண்டாம், பையன்கள் இருந்தால் சீட்டில் அந்தக் கக்கூஸ் கேள்வி வராது.