‘இன்றைக்கு கிளைமேட் நன்றாக இருக்கிறது’ என்பது பிழையா?

கேள்வி
வணக்கம். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள், ‘டுடே தி கிளைமேட் இஸ் பிளசன்ட்’ என்று ஆங்கிலக் கட்டுரையில் எழுதியிருந்தாள். ஆசிரியை ‘கிளைமேட்’டை அடித்துவிட்டு ‘வெதர்’ என்று திருத்தியிருக்கிறார். மழை தூறினாலே ‘கிளைமேட் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிப் பழகிய வீடு எங்களுடையது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவளுக்கு விளங்கும்படி எப்படிச் சொல்வது?

பதில் 1
ஆசிரியையின் திருத்தம் சரியானது. இன்றோ இந்த வாரமோ ஓரிடத்தில் நிலவும் வெயில், மழை, காற்று ஆகியவை வெதர், தமிழில் வானிலை. அதே இடத்தின் வானிலையைப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தால் தெரியவரும் இயல்புதான் கிளைமேட், தமிழில் காலநிலை. உலக வானிலை அமைப்பு இதற்கு 30 ஆண்டுகளை அளவாகக் கொள்கிறது. இப்போது 1991 முதல் 2020 வரையிலான சராசரி வழக்கில் உள்ளது. ‘ஊட்டியின் கிளைமேட் குளிர்ச்சியானது’ என்று உங்கள் மகள் எழுதியிருந்தால் யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள், ஏனெனில் அது ஊரின் இயல்பைச் சொல்கிறது. அவள் வாக்கியத்தில் பிழையைக் காட்டிக்கொடுப்பது ‘டுடே’ என்னும் சொல்தான்.

பதில் 2
இலக்கணத்திலும் வேறுபாடு உண்டு. ‘எ டிரை கிளைமேட்’ என்று எழுதலாம். ‘எ டிரை வெதர்’ என்று எழுதக் கூடாது. நாட்டின் அரசியல் சூழலைப் ‘பொலிட்டிகல் கிளைமேட்’ என்பார்கள். அங்கே வெதர் பொருந்தாது. மறுபுறம், வெதர் வினைச்சொல்லாகவும் வரும்: வெயிலிலும் மழையிலும் பாறை சிதைவதையும், கப்பல் புயலைத் தாக்குப்பிடிப்பதையும் அதே சொல்லால் குறிப்பார்கள். கிளைமேட்டின் வேர், சாய்வு என்று பொருள்படும் கிரேக்கச் சொல். சூரியக் கதிர் எந்தச் சாய்வில் விழுகிறது என்பதைக் கொண்டு நிலப்பகுதிகளைப் பிரித்ததிலிருந்து வந்தது. அதனால்தான் அச்சொல் நாளோடு ஒட்டாமல் இடத்தோடு ஒட்டி நிற்கிறது என்பது என் எண்ணம்.

பதில் 3
நான் இலங்கையிலிருந்து எழுதுகிறேன். தமிழ்ச் சொற்களைக் கொண்டு விளக்கும்போது சற்றுக் கவனம் தேவை. ‘சீரற்ற காலநிலை காரணமாகப் பாடசாலைகளுக்கு விடுமுறை’ என்று எங்கள் செய்திகளில் எழுதுவது வழக்கம்; அங்கே காலநிலை என்பது சில நாள் மழையையும் காற்றையுமே குறிக்கிறது. ‘காலநிலை மாற்றம்’ என்பதிலும் அதே சொல் வருவதால் மாணவர்கள் குழம்புகிறார்கள். வானிலை என்ற சொல்லை நாங்களும் பிரித்துப் பயன்படுத்த வேண்டும் என்றே விரும்புகிறேன்.

கேள்வி கேட்டவர்
அனைவருக்கும் நன்றி. விளக்கியதும் மகள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டாள்: 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்ததே, அது எதில் சேரும்?

பதில் 1
நல்ல கேள்வி. ஒரு நாள் மழை எவ்வளவு பெரிதானாலும் அது வானிலைதான். அதை மட்டும் வைத்துக் காலநிலை மாறிவிட்டது என்று முடிவு கட்ட இயலாது. அத்தகைய மழை முன்பைவிட அடிக்கடி வருகிறதா என்று பல பத்தாண்டுகளின் மழைப் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் காலநிலையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம். அந்தப் பதிவுகளில் காயல்பட்டினத்தின் 95 செ.மீ.யும் ஒரு வரியாக இருக்கும் என்று மகளிடம் சொல்லுங்கள்.