மறுமொழி: ‘நெய்வலை’ என்னும் முன்மொழிவு குறித்து

அன்பர்களுக்கு வணக்கம்.

செல்லுக்குள் சவ்வால் ஆன வலைபோன்ற உறுப்பு எண்டோபிளாச வலை. அதன் ஒரு வகையான வழுவழுப்பான எண்டோபிளாச வலையை இனி ‘நெய்வலை’ எனலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். ஓசை இனிது, பொருளும் முற்றிலும் பிழையன்று. எண்ணெயையும் நெய் என்றே வழங்கிய மொழி நம்முடையது. செல்சவ்வுக்கு வேண்டிய கொழுப்புப் பொருள்களான பாஸ்போலிப்பிடு, கொலஸ்ட்ரால், விந்தகமும் அட்ரினல் சுரப்பியும் தரும் ஸ்டீராய்டு ஹார்மோன்கள் ஆகியவை உருவாவதில் இவ்வுறுப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆனால், கல்லீரல் செல்லில் இதே உறுப்பு சைட்டோகுரோம் பி450 என்னும் நொதிகளைத் தன் சவ்வில் பதித்துக்கொண்டு, கொழுப்பில் கரையும் மருந்துகளை நீரில் கரையும் பொருள்களாக மாற்றிச் சிறுநீர் வழியே வெளியேற உதவுகிறது. வலிப்பு நோய்க்குத் தரப்படும் பினோபார்பிட்டாலைத் தொடர்ந்து உட்கொள்பவரின் கல்லீரல் செல்களில் இவ்வலையின் பரப்பே பெருகிவிடுகிறது. மருந்தை நிறுத்தினால் மிகுதியான சவ்வைச் செல்லே செரித்துவிடுகிறது. வலை இப்படிப் பெருகுவதால்தான் அம்மருந்தோடு சேர்த்து உட்கொள்ளும் வேறு சில மருந்துகளும் விரைவில் சிதைந்து பலனிழக்கின்றன. தசையிலோ அது கால்சியத்தின் இருப்பறை: கால்சியத்தைத் திறந்துவிட்டால் தசை சுருங்கும், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவிட்டு மீண்டும் உள்ளே ஏற்றினால் தளரும். இவ்விரண்டிலும் நெய் எங்கே இருக்கிறது? ஒரு பணியைப் பெயராக்கினால் மற்றப் பணிகள் மாணவர் மனத்தில் ஏறா.

1953இல் செல் உயிரியலாளர் கீத் போர்ட்டர் எண்டோபிளாச வலை என்று பெயரிட்டபோது நுண்ணோக்கியில் கண்ட வடிவத்தையே பெயராக்கினார். இலத்தீன் மூலச்சொல்லுக்குச் சிறுவலை என்பதே பொருள். ஈழத்துப் பாடநூல்களின் ‘சிறுவலை’யும் மலையாளப் பாடநூல்களின் ‘ஜாலிக’யும் அதையே பின்பற்றுகின்றன. ஆகவே வலை என்ற சொல் அப்படியே இருக்கட்டும், அடைமொழியை மட்டும் ஆராய்வோம்.

நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சிற்றூர் வட்டத்தில் தமிழ்வழி மாணவர்களுக்கு உயிரியல் கற்பிப்பவன். வழுவழுப்பு என்றதும் அவர்களுக்கு விலாங்குமீனின் வழுக்கல்தான் நினைவுக்கு வருகிறது. புரதங்கள் வழுக்கிச் செல்லும் பாதை என்றே சிலர் விடைத்தாளில் எழுதுகிறார்கள். சொல்ல வேண்டியதோ, புரதம் செய்யும் துகள்களான ரைபோசோம்கள் ஒட்டாத பரப்பு என்பது மட்டுமே. ‘வழுவலை’ என்று சுருக்கினால் இன்னும் கேடு. பிழையுள்ள வலை என்றாகிவிடும். ‘வெற்றுவலை’யும் கூடாது, உள்ளே கால்சியம் நிறைந்திருக்கும்போது வெறுமை என்பது பொய்.

வகுப்பில் ஒரு மாணவி ‘மொட்டை வலை’ என்றாள். துல்லியத்தில் அதை விஞ்சும் சொல் இதுவரை இந்த உரையாடலில் வரவில்லை என்பேன். பாடநூல் ஏற்காது என்பது வேறு செய்தி. அதே கருத்தைச் சற்று மதிப்போடு தருவது ‘மழமழப்பான எண்டோபிளாச வலை’. மழித்த முகத்தை மழமழவென்று இருக்கிறது என்கிறோம் அல்லவா? ரைபோசோம்கள் ஒட்டிய வகைக்கு வழங்கும் ‘சொரசொரப்பான’ என்பதற்கு நேர் இணையாகவும் அது நிற்கிறது. ‘மழவலை’ என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள். மழ என்றால் மலையாளத்தில் மழை, எங்கள் பிள்ளைகள் மழை பிடிக்கும் வலையா என்று கேட்பார்கள்.

தசையில் உள்ளதற்குத் ‘தசைப்பிளாச வலை’ என்று கலைச்சொல் பட்டியலில் தனிப்பதிவே இடலாம். அது இதே உறுப்பின் சிறப்பு வடிவம் என்பதை விளக்கத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.