பூந்தொட்டியில் மொசைக்: சொல் வேண்டும்

வணக்கம்.

சுடுமண் பூந்தொட்டியில் டைல்ஸ் துண்டுகளை ஒட்டி அழகுபடுத்துவது பற்றி ஒரு செய்முறைக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். மொசைக், டெஸரா (பதிக்கும் துண்டு), கிரவுட் (துண்டுகளின் இடைவெளியை அடைக்கும் கலவை), நிப்பர் (துண்டை நறுக்கும் கருவி) என்று பத்திக்குப் பத்தி இடறுகிறது. மொசைக்கை அப்படியே விட்டுவிடலாம் என்றால், நம்மவர்களுக்கு அது தரை. கல்துணுக்குகளைச் சிமெண்டில் கலந்து கொட்டி, இறுகியபின் மெஷின் வைத்துத் தேய்த்து மெருகேற்றுவது. அதன் சரியான பெயர் டெரட்சோ. ஆனால் யார் அப்படிச் சொல்கிறார்கள்? ‘பல்வண்ணத்துண்டு ஒட்டோவியம்’ என்று எழுதி, வாய்விட்டுப் படித்துப் பார்த்து, அழித்துவிட்டேன். உதவுங்கள்.

* * *

> பல்வண்ணத்துண்டு ஒட்டோவியம்

அழித்ததே நல்லது. நீளம்கூடப் பரவாயில்லை, கடைசியில் நிற்கும் ‘ஓவியம்’தான் உறுத்துகிறது. தொட்டியில் பலர் படம் எதுவும் வரைவதில்லையே, கிடைத்த துண்டை வந்தபடி பதிக்கிறார்கள். பார்சலோனாவில் கட்டடக் கலைஞர் கௌடியின் குவெல் பூங்காவில் (1900–1914) வளைந்து ஓடும் இருக்கையைப் பாருங்கள். முழுக்க உடைந்த ஓடுகள். கத்தலான் மொழியில் அதற்கு ‘திரென்காதிஸ்’ என்று பெயர். உடைத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. டெஸராவோ கிரேக்க ‘நான்கு’, அதாவது நான்கு மூலை உள்ள துண்டு. இரண்டு பெயரும் துண்டைப் பார்த்து வைத்தவை. நாமும் அங்கிருந்தே தொடங்கலாம்.

துண்டுக்குச் ‘சில்லு’ போதும். ஓட்டாஞ்சில்லு நமக்குப் பழகியதுதான்.

முழு வேலைக்கு என்ன பெயர்? ‘சில்லுப்பதிப்பு’ என்றால் புத்தக வாடை. ‘சில்லுப்பதியம்’ ஓசை நன்றாக இருக்கிறது, ஆனால் தோட்டக் கையேட்டில் பதியம் என்றதும் கிளையை வளைத்து மண்ணில் புதைக்கக் கிளம்பிவிடுவார்கள். மணி பதிப்பதற்குக் ‘குயிற்றுதல்’ என்று பழைய வினை ஒன்று உண்டு. எனக்கு மிகப் பிடித்த சொல். ஆனால் ‘குயிற்றிய தொட்டி’ என்றால் குயில் படம் எங்கே என்று தேடுவார்கள். பூவேலை, சரிகைவேலை, தச்சுவேலை இருக்கிற மொழியில் ‘சில்லுவேலை’ என்றால் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். ‘சில்லுவேலை செய்த தொட்டி’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் தடையில்லை.

நிப்பர்: சில்லுக்குறடு. இதில் பேச ஒன்றுமில்லை.

கிரவுட்டுக்குத்தான் யோசிக்க வேண்டும். ‘நிரப்பி’ என்று எழுதுகிறார்கள். எதை, எதனால் என்று ஒன்றும் தெரியாத சொல். சாந்து நம் கொத்து வேலையில் எப்போதும் உள்ளது. சில்லுகளுக்கு இடையே போவதால் ‘இடைச்சாந்து’. இதன் வசதி அடுத்த படியில்தான் தெரியும். சந்து 3 மில்லிமீட்டருக்குக் குறைவு என்றால் பொதுவாக மணல் கலக்காதது, அகலம் என்றால் மணல் கலந்தது. அகலச் சந்தில் மணல் இல்லாததைப் போட்டால் காயும்போது சுருங்கி வெடிக்கும். ‘மணல்சாந்து’, ‘மணலில்லாச் சாந்து’ தாமாகவே வந்துவிட்டன, பாருங்கள். ‘மணலற்ற நிரப்பி’ என்று எழுதியிருந்தால்?

சில்லுகளின் வரிசை வளைந்தும் நெளிந்தும் போகும் போக்கை இத்தாலியர் ‘அந்தமெந்தோ’ என்பார்கள். ‘சில்லோட்டம்’ எனலாம். தொட்டியின் வயிறு அகன்று அடி ஒடுங்கும் இடத்தில் இது கட்டாயம் தேவைப்படும்.

* * *

ஐயா, சொல் நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கட பக்கம் சில்லு எண்டால் சக்கரம். சைக்கிள் சில்லு, வண்டில் சில்லு. ‘சில்லுவேலை’ எண்டு தலைப்புப் போட்டால் காத்துப்போன சைக்கிளோட வந்து நிப்பினம். இன்னொண்டு: கூழாங்கல்லை வச்சும் செய்யிறவை. கிரேக்கத்தில பெல்லா நகரத்துத் தரையள், கிமு 4ஆம் நூற்றாண்டு, வெட்டாத கூழாங்கல்தான். அது உடைஞ்சதே இல்லையே, எப்பிடிச் சில்லு ஆகும்?

* * *

சைக்கிள் வரட்டும், வரவேற்போம். சொல் முதலில் வரும் இடத்தில் எதனால் ஆனது என்பதையும் சேர்த்துவிடுங்கள்: ஓட்டுச்சில்லு, கண்ணாடிச்சில்லு. சக்கரம் தானாக விலகும். கூழாங்கல் பற்றி நீங்கள் சொன்னது சரி, அதைச் சில்லு என்று வம்பாக இழுக்க வேண்டாம். ‘கூழாங்கல்வேலை’ இருக்கவே இருக்கிறது. எனக்கு இருக்கும் பயம் வேறு. அவசரத்தில் படிப்பவர் ‘சில்லறை வேலை’ என்று படித்துவிடுவாரே!

* * *

இருவருக்கும் நன்றி. சொற்களைப் போட்டு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“சுடுமண் தொட்டி நீரை உறிஞ்சும். உட்புறம் நீர்க்காப்புப் பூச்சு இல்லையென்றால் ஈரம் சுவர்வழியே ஊறிப் பசையைத் தளர்த்தும். அடித்துளையை அடைத்துவிடாதீர்கள். பூச்சு காய்ந்ததும் ஓட்டுச்சில்லுகளை விளிம்பிலிருந்து பதித்து வாருங்கள். வளைவில் பெரிய சில்லு உட்காராது. ஓரம் தூக்கிக்கொண்டு கையைக் கீறும். அதைச் சில்லுக்குறட்டால் நறுக்கி, சில்லோட்டம் உடையாமல் பதியுங்கள். பசை நன்றாக இறுகிய பிறகு இடைச்சாந்தைச் சந்துகளில் அழுத்தித் தேய்த்து, அது இறுகத் தொடங்கும்போது பிழிந்த ஈரப் பஞ்சால் குறுக்காகத் துடையுங்கள். நேராக இழுத்தால் சந்திலிருந்து சாந்து கூடவே வந்துவிடும்.”

தடுக்காமல் படிக்க முடிகிறது. ‘நீர்க்காப்புப் பூச்சு’ மட்டும் இன்னும் கனமாக இருக்கிறது. துடைத்த பிறகு சில்லின் மேல் வெள்ளையாக ஒரு மங்கல் படியுமே, அதைச் ‘சாந்துப்படலம்’ என்று எழுதலாமா?