ஆங்கில ஆசிரியர் பயிற்சி: பாடத் திட்டம் ஒவ்வொரு முறையும் திரும்பி வருகிறது, எங்கே பிழை?

கரைவேலி

வணக்கம். உயர்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சியில் இருக்கிறேன். அடுத்த வாரம் 8, 9ஆம் வகுப்புகளில் கற்பித்தல் பயிற்சி தொடங்குகிறது. ஒரு பீரியட் 45 நிமிடம், வகுப்புக்கு 40 மாணவர்கள், எல்லோரும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். முதல் பாடம் பிரசன்ட் பெர்ஃபெக்ட். திட்டத்தில் நோக்கம் என்று "மாணவர்கள் பிரசன்ட் பெர்ஃபெக்ட் காலத்தைப் புரிந்துகொள்வார்கள்" என எழுதியிருந்தேன். "நோக்கம் தெளிவில்லை, நேரம் பொருந்தவில்லை" என்ற குறிப்புடன் வழிகாட்டி ஆசிரியர் திருப்பிவிட்டார். எதை, எப்படி மாற்ற வேண்டும்? வகுப்பை நடத்துவதில் முதலில் எதில் கவனம் வைக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

வெண்சுண்ணம்

"புரிந்துகொள்வார்கள்" என்ற சொல்தான் சிக்கல். புரிந்ததைப் பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளரால் பார்க்க முடியாது. பார்க்கவோ கேட்கவோ கூடிய செயலாக எழுதுங்கள். உதாரணத்துக்கு: "ஒவ்வொரு மாணவரும் தான் இதுவரை செய்தவை, செய்யாதவை பற்றி 'ஐ ஹாவ்', 'ஐ ஹாவன்ட்' அமைப்பில் 5 வாக்கியங்கள் இணையிடம் சொல்வார், 4இலாவது வினையின் மூன்றாம் வடிவம் சரியாக இருக்கும்." இதைப் படித்ததுமே பாடத்தின் கடைசி 12 நிமிடத்தில் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துவிடும். திட்டத்தை அந்தக் கடைசிப் பகுதியிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். ஐந்து வாக்கியம் சொல்ல எந்த வினைகள் வேண்டும், அவற்றின் மூன்றாம் வடிவம் தெரியுமா, கேள்வி வடிவமும் தேவைப்படுமா என்று பார்த்துக்கொண்டே வந்தால், முன்பகுதியில் தேவையில்லாதவை தானாக உதிரும்.

நேரம். 45 நிமிடத்தில் கைக்குக் கிடைப்பது 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். சூழலை அமைக்க 5, பொருளும் வடிவமும் 8, கட்டுப்படுத்திய பயிற்சி (நீங்கள் தரும் வாக்கிய அமைப்பில் மட்டும் சொல்லிப் பழகுவது) 10, தாமாகப் பேசுவது 12, சரிபார்க்க 5. பயிற்சியில் இருப்பவர்களின் பாடம் பெரும்பாலும் கவிழ்வது அந்த 8 நிமிடத்தில்தான். விளக்கம் 25 நிமிடத்துக்கு நீண்டுவிடும், பேசும் பகுதி வீட்டுப்பாடமாகிவிடும். அதனால் திட்டத்தின் ஓரத்தில் "8 நிமிடம்" என்று எழுதாதீர்கள். "10.20க்கு இணைப் பணி தொடங்க வேண்டும்" என்று கடிகார நேரமாகவே எழுதுங்கள். நேரம் போதாவிட்டால் எதை விடுவது என்பதையும் முன்கூட்டியே ஒரு கோடிட்டு வையுங்கள். கட்டுப்படுத்திய பயிற்சியில் பாதியை வெட்டலாம். கடைசிப் பகுதியைத் தொடக்கூடாது.

இன்னொரு பத்தி சேர்க்கச் சொல்வேன்: "எதிர்பார்க்கும் பிழை, நான் செய்யப்போவது". உங்கள் தலைப்பிலேயே ஒரு பெரிய பிழை காத்திருக்கிறது. தமிழில் "போன வருடம் அங்கே போயிருக்கிறேன்" என்பது இயல்பான வாக்கியம். அதே பழக்கத்தில் "ஐ ஹாவ் பீன் தேர் லாஸ்ட் இயர்" என்பார்கள். முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல் வந்துவிட்டால் ஆங்கிலத்தில் இந்த அமைப்பு நிற்காது, "ஐ வென்ட் தேர் லாஸ்ட் இயர்" என்றுதான் ஆக வேண்டும். பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் இரண்டு தமிழ் வாக்கியம், இரண்டு ஆங்கில வாக்கியம் எனப் போர்டில் அருகருகே எழுதி மூன்று நிமிடத்தில் முடிக்கலாம். தெரியாவிட்டால் வகுப்பு முழுக்கத் திருத்திக்கொண்டே இருப்பீர்கள்.

"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், 40 பேரும் தலையாட்டுவார்கள். பொருளைச் சோதிக்கும் கேள்வி கேளுங்கள். "ஐ ஹாவ் லாஸ்ட் மை கீ" என்ற வாக்கியத்துக்கு: சாவி இப்போது என்னிடம் இருக்கிறதா? இல்லை. எப்போது தொலைந்தது என்று வாக்கியம் சொல்கிறதா? இல்லை. ஒரு சொல்லில் பதில் வரும், ஆனால் புரியாதவர் அதில் மாட்டிக்கொள்வார். இந்தக் கேள்விகளை வகுப்பில் நின்றபடி யோசிக்க முடியாது. திட்டத்திலேயே சொல்லுக்குச் சொல் எழுதி வையுங்கள்.

மாலைவகுப்பு

வெண்சுண்ணம் சொன்ன வரிசை இலக்கணத்துக்குப் பொருந்தும். உரைநடையையும் கவிதையையும் அந்த அச்சில் ஊற்றினால் வகுப்பு செத்துவிடும், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாசிப்புப் பாடத்தில் முன்னோட்டம் 5 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. சொற்பொருளை முன்கூட்டியே தருவதென்றால் 4 முதல் 6 சொற்கள் போதும், அதுவும் தெரியாவிட்டால் பத்தியே திறக்காது என்கிற சொற்கள் மட்டும். மற்றவற்றை இடம் பார்த்து ஊகிக்கட்டும். அந்தப் பழக்கம்தான் பாடத்தின் பாதிப் பயன். பிறகு ஒரே ஒரு கேள்வியைப் போர்டில் எழுதிவிட்டு மௌனமாகப் படிக்க விடுங்கள். பத்தியைப் படித்து முடித்த பின் கேள்வியைக் கொடுத்தால் அது நினைவாற்றல் தேர்வாகிவிடும். ஆளுக்கொரு பத்தி எழுந்து நின்று வாசிப்பதை முதல் வாசிப்பாக வைக்காதீர்கள். தன் முறைக்காகக் காத்திருப்பவர் தன் பத்தியைத்தான் மனதுக்குள் ஒத்திகை பார்ப்பார், முன்னால் வாசிப்பவர் சொல்வது காதில் ஏறாது. கவிதை என்றால் முதலில் நீங்கள் இரண்டு முறை நன்றாக வாசித்துக் காட்டுங்கள். அர்த்தத்தை முதலில் சொல்லிவிட்டால் அவர்களுக்குச் செய்ய எதுவும் மிஞ்சாது.

நடத்தும் முறைக்கு வருகிறேன். முதல் வாரத்தில் கட்டளைகளில் மட்டும் கவனம் வைத்தால்கூடப் போதும். தாளைக் கொடுத்துவிட்டு விளக்காதீர்கள். தாள் கைக்குப் போன கணத்தில் கண் அதில் போய்விடும். முதலில் யார் யாருடன், பிறகு என்ன செய்வது, எத்தனை நிமிடம், அப்புறம் தாள். ஒவ்வொன்றும் ஏழெட்டுச் சொல்லுக்குள். ஒரு மாணவரை அழைத்து ஒரு சுற்று செய்து காட்டினால் பத்து வரி விளக்கம் மிச்சம். கடைசியில் சோதனைக் கேள்வி: எழுத வேண்டுமா, பேச வேண்டுமா? எத்தனை நிமிடம்?

கேள்வி கேட்கும்போது முதலில் கேள்வி, பிறகு இடைவெளி, அப்புறம் பெயர். பெயரை முதலில் சொன்னால் மற்ற 39 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். அந்த இடைவெளியைப் பற்றி மேரி பட் ரோ 1970களில் ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக 1 நொடிதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். அவர் பார்த்தவை அறிவியல் வகுப்புகள். இரண்டாம் மொழியில் பதில் சொல்பவருக்கு வாக்கியத்தைக் கட்டவும் நேரம் வேண்டும், அதனால் 5 நொடிகூட அதிகமில்லை. மனதுக்குள் எண்ணுங்கள். முதல் சில நாள் அந்த மௌனம் தாங்க முடியாததாக இருக்கும், தாங்குங்கள்.

தாய்மொழி பற்றிச் சண்டை வரும் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். அருவமான ஒரு சொல்லின் பொருளைத் தமிழில் சொல்ல 5 நொடி. ஆங்கிலத்தில் நடித்துக் காட்ட 3 நிமிடம், அதன் பிறகும் பாதிப் பேர் தவறாகப் புரிந்துகொள்வார்கள். அங்கே தமிழைப் பயன்படுத்துங்கள். ஆனால் வகுப்பின் கட்டளைகளை ஒருநாளும் தமிழுக்கு மாற்றாதீர்கள். "திறங்கள், எழுதுங்கள், பக்கத்தில் இருப்பவருடன் ஒப்பிடுங்கள்" என்பவைதான் அந்த மாணவர்கள் நிஜமான தேவைக்காகக் கேட்கும் ஆங்கிலம்.

கரைவேலி

மிக்க நன்றி இருவருக்கும். நோக்கத்தை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் இரண்டு கேள்விகள். உச்சரிப்பில் எதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்? 40 கட்டுரை நோட்டுகளை எப்படித் திருத்துவது? ஒரு நோட்டுக்கு 4 நிமிடம் என்றாலும் 160 நிமிடம் ஆகிறதே.

ஒலிக்குறி

உச்சரிப்புக்கு நான் பதில் சொல்கிறேன். ஆங்கிலத்தில் 26 எழுத்து, ஆனால் வழக்கமாகப் பாடநூல்கள் பின்பற்றும் பிரிட்டிஷ் உச்சரிப்பில் 44 ஒலிகள்: 20 உயிர், 24 மெய். இந்த 44க்கான ஒலிக்குறிகளை நீங்கள் அகராதியில் தடுமாறாமல் படிக்க வேண்டும். மாணவர்களுக்கு எல்லாவற்றையும் கற்பிக்கத் தேவையில்லை.

உங்கள் மாணவர்கள் சறுக்கும் இடம் கடந்தகாலத்தின் 'இடி' (-ed) விகுதி. எழுத்து ஒன்று, ஒலி மூன்று. வினை அதிர்வில்லாத ஒலியில், அதாவது தொண்டை அதிராமல் வரும் ஒலியில் முடிந்தால் (வாக், ஹெல்ப், வாஷ்) விகுதியும் அதிர்வில்லாத ஒலி. அதிர்வுள்ள ஒலியில் முடிந்தால் (பிளே, கால், ஓபன்) விகுதியும் அதிரும். வினையே 't' அல்லது 'd' ஒலியில் முடிந்தால் மட்டும் (வான்ட், நீட்) தனி அசை கூடும். "வாக்கெட்", "ஹெல்ப்பெட்" என்று எல்லாவற்றுக்கும் அசை கூட்டுவதுதான் பிழை. திருத்த எளிய வழி கைதட்டல்: வாக் ஒரு தட்டு, வாக்ட் அதுவும் ஒரே தட்டு, வான்ட் ஒன்று, வான்டட் இரண்டு. விதியைச் சொல்வதற்கு முன்பே காது பிடித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆங்கில உச்சரிப்பைப் போர்டில் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டாதீர்கள். தமிழில் ஒரே 'ப' சொல்லின் முதலில் ஒரு மாதிரியும், 'ம்' என்ற மெல்லினத்துக்குப் பின் அதிர்ந்தும் ஒலிக்கும். அதனால்தான் 'சிம்பிள்', 'டெம்பிள்' என்று எழுதிப் படிப்பவர்கள் நடுவில் அதிர்வுள்ள ஒலியைப் போட்டுவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் அதிர்வே இல்லை. நாம் இங்கே இந்தத் திரியில் எழுதும்போதும் அதே குறை இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள். வகுப்பில் தொண்டையில் இரண்டு விரல் வைத்து உணரச் செய்யுங்கள்.

அதைவிட முக்கியம் அழுத்தம், அதாவது சொல்லில் ஓர் அசையை மற்றவற்றைவிட ஓங்கி ஒலிப்பது. தமிழில் அழுத்தம் இடம் மாறினால் சொல்லின் பொருள் மாறாது, அதனால் நம் காது அதைக் கவனிப்பதில்லை. ஆங்கிலத்தில் போட்டோகிராஃப் என்பதற்கு முதல் அசையில், போட்டோகிராஃபர் என்பதற்கு இரண்டாவதில், போட்டோகிராஃபிக் என்பதற்கு மூன்றாவதில் அழுத்தம் விழும். அழுத்தம் போன அசையில் உயிரொலி தேய்ந்து 'ஷ்வா' எனப்படும் மங்கலான ஒலியாகிவிடும். ஆங்கிலத்தில் அதிகமாக வரும் உயிரொலியே அதுதான். பாடத் திட்டத்தில் புதிய சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதி பார்த்து அழுத்தக் குறி போடுங்கள். தெரிந்த சொல் என்று விட்டுவிடுவதில்தான் ஆசிரியரின் பிழை 40 பேருக்குப் போய்ச் சேரும்.

சிவப்புமை

நோட்டு திருத்துவது. எல்லாப் பிழைக்கும் சிவப்புக் கோடு போடுவது உழைப்பாகத் தெரியும், பயன் குறைவு. முப்பது கோட்டைப் பார்த்த பிள்ளை எதையும் படிக்காமல் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மூடிவிடும். ரூத் பட்லரின் 1988 ஆய்வில், கருத்து மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணையும் கருத்தையும் சேர்த்துப் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். அதனால் முதல் வரைவுக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

கட்டுரை எழுதச் சொல்லும்போதே "இந்த முறை இரண்டைத்தான் பார்ப்பேன்: வினையின் காலம், பத்திப் பிரிப்பு" என்று அறிவித்துவிடுங்கள். அந்த இரண்டை மட்டும் குறியுங்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு: படிப்பவருக்குப் பொருளே விளங்காமல் செய்யும் வாக்கியம், அதை எப்போதும் குறிக்க வேண்டும். 'எ', 'தி' போன்ற ஆர்ட்டிகிள் விடுபட்டாலும் பொருள் புரியும். தமிழில் அப்படி ஒரு சொல்வகையே இல்லாததால் அது பல ஆண்டுக்குத் தொடரும். அதற்காக ஒவ்வொரு வரியிலும் மை செலவழிக்காதீர்கள், தனிப் பாடமாக எடுங்கள்.

சரியான வடிவத்தை நீங்கள் எழுதித் தராதீர்கள். ஓரத்தில் 'கா' என்றால் காலம், 'வ' என்றால் சொல் வரிசை, 'எ' என்றால் எழுத்துப் பிழை. சொல் விடுபட்ட இடத்தில் ஒரு கூர்க்குறி. திருத்துவது அவர்கள் வேலை. அதற்கு வகுப்பிலேயே 10 நிமிடம் ஒதுக்க வேண்டும். வீட்டில் செய்யுங்கள் என்றால் நடக்காது, அந்தக் குறிகள் அனைத்தும் வீண். கணக்கு இப்படி வரும்: ஒரு முறைக்கு 10 நோட்டு முழுதாக, 4 நிமிடம் வீதம் 40 நிமிடம்; மீதி 30 நோட்டு அறிவித்த இரண்டு மட்டும், ஒரு நிமிடம் வீதம் 30. மொத்தம் 70. நான்கு கட்டுரையில் எல்லோருடையதும் ஒருமுறை முழுதாகப் பார்த்தாகிவிடும். படிக்கும்போதே பலரிடமும் வரும் பிழையிலிருந்து 6 வாக்கியத்தைப் பெயர் இல்லாமல் எடுத்து வைத்து, மறுநாள் போர்டில் எழுதி இணைகளாகத் திருத்தச் செய்யுங்கள். இரண்டு வாக்கியம் சரியானதாகவும் இருக்கட்டும், எல்லாம் தவறு என்று தெரிந்தால் யோசிக்க மாட்டார்கள்.

கரைவேலி

அருமை. இரண்டாம் நாள் கவிதைப் பாடத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன், சரியா? "மாணவர்கள் கவிதையில் பேசுபவரின் மனநிலையைச் சொல்வார்கள், அதற்குச் சான்றாக இரண்டு வரிகளைக் காட்டுவார்கள்."

வெண்சுண்ணம்

சான்று கேட்டது மிகச் சரி. ஆனால் "மாணவர்கள் சொல்வார்கள்" என்றால் யார்? கை தூக்கும் மூன்று பேரா? "ஒவ்வொரு மாணவரும் நோட்டில் ஒரு வாக்கியத்தில் எழுதுவார்" என்று மாற்றி, அதற்கு 4 நிமிடம் ஒதுக்குங்கள். அந்த 4 நிமிடமும் பேசாமல் வரிசைகளுக்கிடையே நடந்து படியுங்கள். யாரை முதலில் பேசச் சொல்வது என்பது அப்போது தெரிந்துவிடும். பின் வரிசையில் பார்வையிட வருபவரிடம் வகுப்பின் இருக்கை வரைபடத்தைக் கொடுத்து, நீங்கள் கேள்வி கேட்கும் ஒவ்வொரு மாணவரின் கட்டத்திலும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். முன் இரண்டு வரிசையிலேயே கோடுகள் குவிந்திருந்தால், மறுநாள் திட்டத்தில் கேள்விக்குப் பக்கத்தில் பின் வரிசைப் பெயர்களை எழுதிக்கொண்டு போங்கள்.