சனி, ஞாயிறு சீக்கிரம் எழுந்து பழகியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கயல், மதுரை:
வார நாளில் ஆறரை, லீவு நாளில் பதினொன்று. திங்கள்கிழமை படும் பாடு எல்லாருக்கும் தெரிந்ததுதான். வாராவாரம் அலாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் நகர்த்தினேன், அவ்வளவுதான். முதல்முறை ஏழு மணிக்குள் கூடத்துக்கு வந்த சனிக்கிழமை, அப்பா ஃபில்டரில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சொம்பை வைத்துவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஏம்மா, காய்ச்சலா?" சும்மாதான் எழுந்தேன் என்றதும் ஒன்றும் பேசவில்லை. பேப்பரின் நடுப்பக்கத்தை உருவி என் பக்கம் தள்ளினார். ரிட்டயர் ஆனதிலிருந்து தனியாகவே அந்தக் காபியைக் குடித்திருக்கிறார். அது மனசைப் போட்டு அரிக்கிறது.

சுழல்ஷிஃப்ட், ராயபுரம்:
கால் மணி நேரக் கணக்கெல்லாம் ஒரே ஷிஃப்ட்காரர்களுக்குச் சரி, கயல். எனக்கு வாரம் ஒரு ஷிஃப்ட். போக ஓர் இடம் இருந்தால்தான் எழுந்திருப்பேன். ஞாயிறு விடிவதற்குள் காசிமேடு. வஞ்சிரம் விற்ற அக்கா செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டிவிட்டு, "எனக்கு லீவுன்னு ஒண்ணு இருந்தா நல்லா தூங்குவேன். நீ இன்னாத்துக்கு தம்பி இந்நேரத்துல வர்ற?" என்றார். இன்றுவரை பதில் தெரியவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு போகாது. அப்போது நானும் எழுவதில்லை.

குளக்கரை, கோவை:
பார்த்தீர்களா, இடத்தை நம்பினால் தடைக்காலத்தில் பழக்கம் விட்டுப்போகிறது. வெளிச்சத்தை நம்புங்கள். சிங்காநல்லூர் குளத்தில் விடியற்காலை ஒரு கூழைக்கடா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்தேன். அன்றிலிருந்து எழுந்ததும் வெளியே போய்விடுகிறேன். காலை வெளிச்சம் உடம்புக் கடிகாரத்தை முன்னால் தள்ளும். டில் ரோனபெர்க் என்ற ஜெர்மன் ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2006-இல், வார நாளில் ஒரு நேரம், லீவு நாளில் வேறு நேரம் என்று தூங்குவதற்கு 'சோஷியல் ஜெட்லாக்' என்று பெயர் வைத்தார்கள். தூக்கத்தின் நடுப்புள்ளியைப் பாருங்கள். வார நாளில் பதினொன்று முதல் ஆறரை என்றால் இரண்டே முக்கால். லீவில் மூன்று முதல் பதினொன்று என்றால் ஏழு. நாலேகால் மணி நேர வித்தியாசம்! கோடையில் நமக்கும் லண்டனுக்கும் நாலரைதான். இதை ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தாலே போதும். அதற்காகத் தூக்கத்தைக் குறைக்காதீர்கள், ஏழு மணி நேரமாவது வேண்டும். வெள்ளிக்கிழமை சீக்கிரம் படுங்கள். மாலை ஆறு மணிக் காபியை விடுங்கள், அதன் காஃபினில் பாதி பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும். மதியத் தூக்கம் அரை மணி, அதுவும் மூன்றுக்குள்.

மாடிப்படி, திருச்சி:
குளக்கரை சார், வெளிச்சம், காபி எல்லாம் சரி. எழுந்தபின் அந்த நேரம் யாருடையது? ஒரு ஞாயிறு ஆறு மணிக்கு மாடிப்படியில் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். மாமியார் எட்டிப் பார்த்து, "எழுந்தாச்சா? அப்போ இட்லி ஊத்திடலாமே" என்றார். "ஏழு மணிக்கு மேல, அத்தை" என்றேன். வாய் உலர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் நின்றார், உள்ளே போய்விட்டார். பெண் சீக்கிரம் எழுந்தால் வீட்டில் எல்லாரும் அதை வேலை நேரமாகவே பார்க்கிறார்கள். அலாரம் வைப்பதற்கு முன்னால் இதை வீட்டில் பேசுங்கள். எங்கள் வீட்டில் இப்போது ஞாயிறு இட்லி எட்டு மணிக்குத்தான்.